கூரையில் தொங்கிய சரக்கு

“சும்மா ஒரு பார்வை பார்த்துட்டுப் போங்க” என்று யார் கூப்பிட்டாலும் ஃபிரிட்ஜ்காரருக்கு முழங்கால் முன்கூட்டியே வலிக்க ஆரம்பித்துவிடும். சும்மா பார்த்துவிட்டு வந்த நாள் ஒன்றுகூடக் கிடையாது. பார்க்கக் குனிந்தால் கழற்ற வேண்டும், கழற்றினால் கழுவ வேண்டும், கழுவும்போது பக்கத்தில் நல்லபடியாக இருந்தது உடையும். அன்றைக்குக் காலையில் பழமண்டிக்காரரும் அப்படித்தான் கூப்பிட்டார். குளிர் அறையில் விளக்கு எரியவில்லையாம்.

குளிர்காலம் தொடங்கி நாலாவது மாதம். தெருவில் பனியை அள்ளி அள்ளி இரண்டு பக்கமும் குவித்ததில், நடக்க ஓர் ஆள் அகலம்தான் மிச்சம். எதிரே யாராவது வந்தால் யார் ஒதுங்குவது என்று முகத்தை முகம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஃபிரிட்ஜ்காரர் கருவிப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடந்தார். ஊரே ஃபிரிட்ஜுக்குள் இருப்பது போல் விறைத்துக் கிடக்கும்போது கடைகளில் இருக்கும் ஃபிரிட்ஜுகளுக்கு மட்டும் ஏன் இத்தனை சீக்கு வருகிறது என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

“வாங்க வாங்க, வௌவாலுக்கு ஏசி போட்டவரே!” என்றார் பழமண்டிக்காரர்.

“ஏசி இல்ல. குளிர் யூனிட்டு.”

“ஏதோ ஒண்ணு. எங்க மாமியார் அஞ்சு வருஷமா ஏசி கேட்டு நச்சரிக்கறாங்க. பேசாம தலைகீழாத் தொங்கச் சொல்லிடலாமான்னு பார்க்கறேன். அப்பவாவது கவர்மென்ட்ல போட்டுத் தருவாங்க.”

“தொங்கினா என் மக வந்து நம்பர் ஒட்டி எடை போட்டுருவா. பரவாயில்லையா?”

பழமண்டிக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஃபிரிட்ஜ்காரர் சிரிக்கவில்லை. இந்தக் கேலி மூன்று மாதமாக ஓடுகிறது. முதல் மாதம் அவரும் சேர்ந்து சிரித்தார். அப்போது வௌவால்கள் சாக ஆரம்பிக்கவில்லை.

அவர் மகள் வனவிலங்குத் துறையில் ஆராய்ச்சி உதவியாளர். மண்டியில் அவளுக்கு ‘வௌவால் டாக்டர்’ என்று பெயர். டாக்டர் பட்டமும் இல்லை, டாக்டர் சம்பளமும் இல்லை. மலையடிவாரத்தில் ரயில் ஓடாமல் விட்டுப்போன ஒரு சுரங்கம் இருக்கிறது. குளிர்காலம் முழுக்க அதன் கூரையில் வௌவால்கள் தொங்கிக்கொண்டு தூங்கும். பூச்சி கிடைக்காத ஐந்து மாதத்தையும் உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பை வைத்தே ஓட்டியாக வேண்டும். நாலு வருடத்துக்கு முன்னால் அங்கே ஒரு பூஞ்சை நோய் புகுந்தது. மூக்கிலும் இறக்கையிலும் மாவு அப்பியது போல வெள்ளையாகப் படரும். அது நேராகக் கொல்வதில்லை. அரித்து அரித்து எழுப்பிவிடும். ஒரு தடவை விழித்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டால், பல நாள் தூங்குவதற்கான கொழுப்பு அதிலேயே கரைந்துபோகும். அடிக்கடி விழிக்கிற வௌவாலுக்கு வசந்தம் வருவதற்குள் கையிருப்பு தீர்ந்துவிடும். பசி தாங்காமல் பூச்சி தேடி வெளியே பறக்கும். வெளியே பனிதான் இருக்கும்.

இன்னும் கொஞ்சம் குளிரான இடத்தில் தூங்கினால் பூஞ்சையும் மெதுவாக வளரும், கொழுப்பும் மெதுவாகக் கரையும் என்பது மகள் படித்துத் தெரிந்துகொண்டது. அந்தச் சுரங்கத்துக்குள் இரண்டு கூடங்கள், தனித்தனி வாசலோடு. ஒன்றை நாலு டிகிரிக்குக் குளிர வைப்பது, மற்றதை அப்படியே விடுவது, எதில் அதிகம் பிழைக்கிறது என்று பார்ப்பது. இதுதான் அவள் இரண்டு வருடமாக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி வாங்கிய அனுமதி. பெரிய கம்பெனியைக் கூப்பிடத் துறைக்கு வசதி இல்லை என்றதும், “எங்கப்பா செஞ்சு தருவாரு” என்று கையை உயர்த்திவிட்டாள்.

வௌவால்கள் வந்து அடைவதற்கு முன்பு, இலையுதிர் காலத்தில், அப்பாவும் மகளும் பன்னிரண்டு நாள் அங்கே வேலை செய்தார்கள். அவர் குழாய் வளைப்பார், அவள் விளக்குப் பிடிப்பாள். தெர்மாமீட்டரை எங்கே மாட்டட்டும் என்று அவள் கேட்டபோது, “நெஞ்சு உயரத்துல மாட்டு, எல்லாரும் அங்கதான் மாட்டுவாங்க” என்றார். மத்தியானம் தண்டவாளக் கட்டையில் உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள். கல்லூரிக்குப் போன பிறகு மகள் அவரோடு அத்தனை நேரம் பேசியது அப்போதுதான். அவர் வேலை பார்த்த நாட்களிலேயே நல்ல நாட்கள் அவை. யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் அசடு வழியும்.

ஆனால் இப்போது குளிர வைத்த கூடத்தில்தான் அதிகம் சாகிறது. குளிர்காலத்தில் யாரும் உள்ளே போகக் கூடாது என்பதால் மகள் தினமும் வாசல் கம்பிக்கு வெளியே விழுந்து கிடப்பதை எண்ணி, எடை போட்டு, சீட்டு ஒட்டுகிறாள். குளிர் உதவவில்லை, கெடுதல்தான் செய்கிறது என்று அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள். மறுநாள் அனுப்ப வேண்டும். இதே யோசனையோடு இன்னும் ஏழு சுரங்கங்கள் அந்த அறிக்கைக்காகக் காத்திருந்தன.

பழமண்டிக்காரரின் குளிர் அறையில் ஆப்பிள் பெட்டிகளை நெஞ்சு உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். ஃபிரிட்ஜ்காரர் ஏணியில் ஏறினார். தொப்பி கூரையில் இடித்தது, கழற்றிப் பெட்டி மேல் வைத்தார். விளக்கின் மூடியைத் திருகும்போது விசிறி நின்றது. அறை கப்பென்று அமைதியாயிற்று. டைமர் ‘டிக்’ என்றது. இது டீஃப்ராஸ்ட் நேரம். குளிர்க் குழாய்களில் ஐஸ் கட்டிக்கொள்ளும். அதைக் கரைக்க, உள்ளே ஒரு ஹீட்டர் தானாகவே எரிந்து அணையும். எல்லாக் குளிர் அறையிலும் இருப்பதுதான். இந்த அறைக்கும் அவர் கையால் போட்டதுதான்.

“சீக்கிரம் முடிங்க. கால் விறைக்குது” என்றார் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த பழமண்டிக்காரர்.

“இங்க சூடா இருக்கே.”

“உமக்கென்ன, மேல சொகுசா நிக்கிறீர். கீழ எனக்கு நடுங்குது.”

ஃபிரிட்ஜ்காரரின் வழுக்கை மண்டையில் வெதுவெதுவென்று காற்று படிந்தது. குளிருக்கு அது இதமாகத்தான் இருந்தது. இரண்டு நிமிடம் அந்த இதத்தில் வேலை செய்தார். பிறகு திருப்புளி கையில் நின்றுவிட்டது.

சூடு மேலே போகும். இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் சரக்கு எப்போதும் தரையில்தான் இருக்கும். ஆப்பிள், மீன், மருந்து, ஐஸ்கிரீம், எல்லாம் தரையில். மேலே போகிற சூட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. கூரையில் தொங்குகிற சரக்குக்கு அவர் அதுவரை குளிர் கட்டியதில்லை.

சுரங்கத்திலும் ஹீட்டரைப் போட்டிருந்தார். யாரும் கேட்கவில்லை. யூனிட் என்றால் ஹீட்டர் உண்டு, கை பழக்கத்தில் போட்டுவிட்டது. காலையில் அரை மணி, ராத்திரி அரை மணி. ஒவ்வொரு தடவையும் எல்லாமும் விழித்திருக்காது, தள்ளித் தொங்கியவை தப்பியிருக்கும். யூனிட்டை ஒட்டித் தொங்கியவற்றைப் பூஞ்சை எழுப்பியதைவிட இவர் எழுப்பியது அதிகம். மகளின் தெர்மாமீட்டரோ நெஞ்சு உயரத்தில், கீழே நிற்கும் பழமண்டிக்காரரைப் போல, குளிர்கிறது குளிர்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

“என்ன ஆச்சு? கரண்டு அடிச்சுடுச்சா?”

“இல்ல” என்றார் ஃபிரிட்ஜ்காரர். இறங்கும்போது ஒரு படியைத் தவறவிட்டார்.

விளக்கு எரிகிறதா என்றுகூடப் பார்க்காமல் கிளம்பி, மலைப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடித்தார். கடைசி நிறுத்தத்திலிருந்து அரை மணி நடை. மகளின் காலடித் தடங்கள் மட்டும் பனியில் போய்த் திரும்பியிருந்தன. அதன் மேலேயே கால் வைத்து நடந்தார், அவள் கால் சின்னதாக இருந்ததால் ஒவ்வோர் அடிக்கும் தடுமாறினார்.

கட்டுப்பாட்டுப் பெட்டி வாசலுக்கு வெளியே சுவரில் இருந்தது. உள்ளே போகத் தேவையில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்தார். விரல்கள் விறைத்து ஸ்க்ரூ இரண்டு தடவை கீழே விழுந்தது. ஹீட்டருக்குப் போகும் இரண்டு சிவப்பு ஒயர்களையும் கழற்றி, நுனியில் டேப் சுற்றினார். ஐஸ் கரைய வேறு வழி உண்டு. கம்ப்ரசரை ஒரு மணி நேரம் நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிட்டால் அந்த நாலு டிகிரிக் காற்றே மெதுவாகக் கரைத்துவிடும். டைமரை அப்படித் திருப்பி வைத்தார். இது ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை, முதலிலேயே தெரிந்ததுதான். எந்த வாடிக்கையாளருக்கும் மெதுவாக நடப்பது பிடிக்காது, அதனால் கை ஹீட்டரையே தேடிப் பழகிவிட்டது.

கம்பிக் கதவுக்குக் கீழே, மகள் காலையில் பொறுக்கிப் போன பிறகு, புதிதாக மூன்று கிடந்தன. வெறுங்கையால் தொடக் கூடாது என்பது அவள் சட்டம். குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். கட்டைவிரல் அளவு உடம்பு. ஒன்றின் இறக்கை பாதி விரிந்தபடியே உறைந்திருந்தது. மூக்கில் கொஞ்சம்தான் வெள்ளை இருந்தது.

“தெரியாதும்மா” என்றார் அதனிடம். சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாக இருந்தது. தெரியாதா என்ன?

வீட்டுக்கு வந்தபோது மனைவி சமையலறை மேசையில் உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டே கடைப் போனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டின் முன்னறைதான் கடை. மூன்று பழைய கம்ப்ரசர்களும் கதவில்லாத ஒரு ஃபிரிட்ஜும் வாசலை அடைத்துக்கொண்டிருக்கும். போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“எங்க போனீங்க? பழமண்டிக்காரர் ரெண்டு வாட்டி கூப்பிட்டாரு. தொப்பியை அங்கயே போட்டுட்டு வந்துட்டீங்களாம், லைட்டும் எரியலையாம். நாற்காலியைப் பார்த்து உக்காருங்க, துணி கிடக்கு.”

உட்கார்ந்தார். சொன்னார். அவள் கடைசிவரை கேட்டாள். கத்தி மட்டும் நிற்கவில்லை. ஒரே கிழங்கைச் சீவிச் சீவிப் பாதியாக்கிவிட்டாள்.

“இப்ப ஒயரைப் பிடுங்கியாச்சுல்ல?”

“பிடுங்கியாச்சு.”

“இனிமே சாகாதுல்ல?”

“நோய்ல சாகறது சாகும். என்னால சாகாது.”

“அப்ப அதோட விடுங்க.”

“விடவா?”

“அவ வேலையை அடுத்த மாசம் புதுப்பிக்கணும். ‘அப்பனுக்கு வேலை குடுத்தா, அப்பன் வந்து எல்லாத்தையும் கொன்னுட்டான்’னு நாமளே எழுதிக் குடுக்கணுமா? வேற வினை வேணுமா? உங்களுக்கும் இனி இந்த ஊர்ல எவன் கதவைத் திறந்து விடுவான்?”

“நாளைக்குக் குளிர் ஆகாதுன்னு எழுதி அனுப்பிடுவா. ஏழு இடத்துல கை விட்டுருவாங்க.”

“ஏழு இடத்து வௌவாலுக்கும் நீங்கதான் பொறுப்பா? இந்த வீட்ல இருக்கற ரெண்டு பேருக்குப் பொறுப்பா இருங்க, போதும்.”

அவள் சொன்னதில் தப்பு என்று அவருக்குத் தோன்றவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. தெர்மாமீட்டரே அவர் பக்கம்தான் சாட்சி சொல்லும். கிழங்கு வெந்தது, முட்டை வெந்தது. ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. சாயங்காலம் நாலரை மணிதான்.

மகள் வந்ததை வாசலில் வாளிச் சத்தம்தான் சொன்னது. நோயை இங்கிருந்து அங்கே காலில் கொண்டுபோய்விடக் கூடாது என்று தினமும் பூட்ஸை வாசலிலேயே வெந்நீரில் முக்குவாள், மேல்சட்டையைத் தனிப் பையில் கட்டுவாள். வெந்நீருக்காக அந்த வீட்டில் மூன்று மாதமாக அடுப்பு அணைவதில்லை. காலுறையோடு வந்து, மடிக்கணினியை மேசையில் வைத்து, தட்டுக்கு முன்னால் பொத்தென்று உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“இன்னைக்கு எத்தனை?” என்றார்.

“பதினொண்ணு. குளிர் வைக்காத பக்கம் நாலு.”

“சாப்பிட்டுட்டுப் பேசு” என்றாள் அம்மா, மகளிடம் சொல்வது போல் கணவரைப் பார்த்து.

மகள் கிழங்கை முள்கரண்டியால் மசித்தாள், தின்னவில்லை. “எழுதி முடிச்சுட்டேன்ப்பா. ரெண்டு வருஷம் அலைஞ்சது ஒரே வரி. ‘குளிர வைப்பது பயனற்றது, கெடுதலானது.’ எங்க ஆபீஸ் மேடம் படிச்சுட்டு, தைரியமா எழுதியிருக்கேன்னு சொன்னாங்க.”

“முட்டையைச் சாப்பிடும்மா” என்றாள் அம்மா.

“நான் கை வைக்காம இருந்திருந்தா அதுல பாதி இன்னும் தூங்கிட்டிருக்கும்மா. அதுபாட்டுக்கு இருந்ததை நான் போய்க் கெடுத்தேன். எடை போடறப்ப தினமும் அதுதான் தோணுது. எனக்கு இந்த வேலைக்கே தகுதியில்ல. புதுப்பிக்க வேணாம்னு எழுதிக் குடுத்துடலாமான்னு இருக்கு.”

ஃபிரிட்ஜ்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். மனைவி மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள்.

“நீ இல்ல. நான்” என்றார்.

“நீங்க என்ன பண்ணீங்க?”

அவர் பழமண்டி ஏணியிலிருந்து ஆரம்பித்தார். வழுக்கையில் பட்ட சூட்டைச் சொன்னார். கையை உயர்த்தி, சூடு எங்கே போய்த் தங்கும் என்று காட்டினார். பாதியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் மாறியதைப் பார்த்தும் நிறுத்தாமல் முழுக்கச் சொல்லி முடித்தார்.

“ஹீட்டரா?” என்றாள். “குளிர வைக்கற கூடத்துல ஹீட்டரா? யாருப்பா கேட்டா ஹீட்டர்?”

“யாரும் கேக்கல. கேக்காமலே போட்டேன். எப்பவும் போடறது.”

“அது தூங்கற இடம்ப்பா! கதவைத் திறந்தா முழிச்சுக்கும்னு நான் ஒரு நாள்கூட உள்ள போகல. வாசல்ல இருமல் வந்தாக்கூட வாயைப் பொத்திட்டு ஓடிப்போய் இருமிட்டு வர்றேன். நீங்க தினமும் ரெண்டு வேளை...” நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வாசலுக்குப் போனாள். வாளி உருளும் சத்தம் கேட்டது. உதைத்திருக்க வேண்டும்.

“இப்ப சந்தோஷமா?” என்றாள் மனைவி.

அவர் மசிந்து கிடந்த மகளின் கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை வரும் போல இருந்தது, வரவில்லை.

கால் மணி கழித்து மகள் உள்ளே வந்தாள். மூக்கு சிவந்திருந்தது, காலுறை நனைந்திருந்தது.

“இப்ப ஓடுதா அது?”

“மத்தியானமே கழட்டிட்டேன். விசிறியை மட்டும் ஓட விட்டுருக்கேன்.”

“ராத்திரி எத்தனை மணிக்கு ஓடும்? ஓடியிருக்கும்?”

“ஒம்போது. காலைல ஒம்போது.”

அவள் கணினியைத் திறந்தாள். சுரங்க வாசல் கேமராவின் பதிவைத் தேடி எடுத்து விரலால் வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனாள். “வாசல்ல பறந்து வர்றது எல்லாம் ஒம்பதரை, பத்து. நானும் பார்த்தேன். நோய் முத்தினா ஒரே நேரத்துல எழும்னு நானே ஒரு காரணத்தைக் கட்டிக்கிட்டேன்.” விரல் கடைசி வரிசையில் நின்றது. “அப்ப குளிர் தப்பில்ல.”

“குளிர் தப்பில்ல” என்றார்.

“யூனிட்டுக்குத் தள்ளித் தொங்கறதுதான் பிழைச்சிருக்கும். அது குளிர்ல மட்டும் இருந்தது.” அவள் குரலில் கோபம் போகவில்லை, ஆனால் அதற்கடியில் வேறொன்று எழுந்து உட்கார்ந்திருந்தது. “நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்.”

“உங்கம்மாவும் அதைத்தான் சொன்னா.”

அம்மா பாத்திரத்தை நங்கென்று தொட்டியில் போட்டாள்.

மகள் எழுதியதை அழித்துவிட்டுப் புதிதாக அடிக்க ஆரம்பித்தாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஹீட்டர் எத்தனை வாட், எத்தனை நிமிடம் என்று அவள் கேட்க, பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி பதில் சொன்னார். ஒரு பக்கம் முடிந்ததும் அவள் உரக்கப் படித்தாள்:

“‘குளிர் யூனிட்டில் ஐஸ் கரைக்கும் ஹீட்டர் தவறுதலாக இணைக்கப்பட்டிருந்தது. அதன் சூடு கூரையில் தங்கி, வௌவால்கள் அடிக்கடி எழுப்பப்பட்டன.’”

“யாரு இணைச்சான்னு இல்லையே.”

“அறிக்கைல இப்படித்தான்ப்பா எழுதுவாங்க. ‘இணைக்கப்பட்டது’, ‘காணப்பட்டது’ன்னு. ஆளைப் போட மாட்டாங்க.”

“இணைக்கப்பட்டதுன்னா எப்படி? பட்டது அது. இணைச்சது நான். பட்டதையும் செஞ்சதையும் ஒரே வார்த்தையில கட்டிட்டா எப்படி?”

மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்த வரியை அழித்துவிட்டு அடித்தாள்: ‘இந்த ஹீட்டரை இணைத்தவர் குளிர்சாதன மெக்கானிக்கான என் தந்தை.’ அதற்குக் கீழே, யாரும் சொல்லாமலே, ‘தெர்மாமீட்டரைக் கூரையில் மாட்டாமல் நெஞ்சு உயரத்தில் மாட்டியவள் நான்’ என்று சேர்த்தாள்.

“அதையும் நான்தான் சொன்னேன்” என்றார்.

“மாட்டினது நான்.”

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து இருவருக்கும் பின்னால் நின்றாள். கண்ணாடி இல்லாததால் திரையின் மேல் கவிழ்ந்து, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள். அந்த வீட்டில் இனி என்ன நடக்கும் என்று மூவருக்கும் தெரிந்துதான் இருந்தது. அடுத்த மாதம் மகளுக்கு வேலை இருக்குமா தெரியாது, முன்னறைப் போன் அடிக்குமா தெரியாது.

“வெறும் மெக்கானிக்குன்னு போட்டா எப்படி?” என்றாள்.

“வேற என்னம்மா போடறது?”

“முப்பத்தோரு வருஷமா இதே வேலை செய்றவருன்னு போடு.”

“விடுடி” என்றார் அவர். “பெருமையா இது?”

“பெருமைக்குச் சொல்லல. படிக்கறவன், ஏதோ அரைகுறை ஆளு செஞ்ச தப்புன்னு நினைச்சுட்டு, மத்த ஏழு இடத்துக்கும் நல்ல அனுபவசாலியாப் பார்த்துக் கூப்பிடுவான். அந்த அனுபவசாலி போய் நேரா ஹீட்டரைத்தான் மாட்டுவான்.”

மகள் முப்பத்தொன்றை எண்ணால் போடுவதா எழுத்தால் போடுவதா என்று ஒரு கணம் யோசித்து, எழுத்தாலேயே அடித்தாள்.